தீர்சா திரும்பிப் போன பள்ளிக்கூடம்

பால்டிமோர்
ஞாயிறு காலை, ஹனுக்காவுக்கு முந்தின வாரம்

என் அன்பு மகள் நெஹாமாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை அசரியாவும் குட்டிப்பயல் இத்தாயும் அந்த மலைக்காற்றுக்கு அடக்கமாக, சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அந்த முழங்கால் மழை வருவதை வானொலிக்காரனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மாவு பிசைய நின்றால் ஒரு மணி நேரம் நின்றபடியே நிற்கிறாள், உட்கார்ந்து பிசைந்தால் மாவுக்குத் தெரிந்துவிடுமாம். கடையில் வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் திறந்த கையோடு பிள்ளைகள் மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். பின்பக்கத்து மேப்பிள் மரம் போன மாதக் காற்றில் வேலிமேல் சாய்ந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஹெர்ஷல் ரம்பம் எடுத்துக்கொண்டு வந்து முக்கால்வாசியை வெட்டினார், மீதியை வெட்ட ஆள் வரவேண்டும். இத்தாய்க்குப் பல் முளைக்கிறதென்று எழுதியிருந்தாய், ஈறில் தேய்க்க மருந்து எதுவும் வாங்காதே, சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கடிக்கக் கொடு, உன்னை அப்படித்தான் வளர்த்தோம்.

போன கடிதத்தில் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தாய். தீர்சா பழைய பள்ளிக்கே திரும்பிப் போன விஷயத்தை அம்மா டெலிபோனில் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள், கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவுதானா பங்கு என்று. நியாயமான கோபம்தான். நீ கல்யாணமாகிக் கப்பலேறாத குறையாக அவ்வளவு தூரம் போனபோது அவள் இரண்டாம் வகுப்பு, முன்பல் விழுந்து சிரித்துக்கொண்டு திரிந்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் கரகரவென்று இரைகிற டெலிபோனில். அதனால் தலையிலிருந்து எழுதுகிறேன், தெரிந்ததையே திரும்ப எழுதினால் பொறுத்துக்கொள். இன்றைக்கு ஞாயிறு, கடைக்கு மத்தியானம் போனால் போதும், அம்மா எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள், எனக்கு நேரம் இருக்கிறது.

விஷயம் வெளியே வந்ததே நம் ஜெபக்கூடத்தில் புது ஜெபப் புத்தகங்கள் வாங்கிப் போட்டதால்தான். அதுவரை தீர்சாவைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை, எல்லா ஜெபமும் தண்ணீராக வரும், குரலும் நன்றாக இருக்கும், ஆசிரியைகள் மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டுவார்கள். புதுப் புத்தகத்தில் அச்சு சின்னது, பக்கத்துக்கு வரிகள் அதிகம். ஒரு சனிக்கிழமை ஓய்வுநாள் காலையில் பெண்கள் பக்கத்தில் அவள் அருகே உட்கார்ந்திருந்த அம்மா பார்த்திருக்கிறாள், இவள் பாதிப் பக்கத்திலேயே தாளைத் திருப்புகிறாள், வாய் ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில். வீட்டுக்கு வந்ததும் மடியில் உட்காரவைத்து ஒரு வார்த்தையைத் தொட்டு இது என்ன என்று கேட்டாள். தெரியாது என்றாள். அடுத்தது? அதுவும் தெரியாது. அப்புறம் எப்படிடி இத்தனை நாள் படித்தாய் என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "எல்லாரும் திருப்புறப்போ நானும் திருப்புவேம்மா. எந்த வார்த்தையில திருப்பணும்னு பாட்டு மாதிரி மனப்பாடம் ஆயிடுச்சு." யோசித்துப் பார், நெஹாமா. ஒரு புத்தகம் முழுவதையும் காதால் கேட்டே நெஞ்சில் ஏற்றி, தாள் திருப்புகிற இடம் உட்பட வைத்திருக்கிறாள், எட்டு வயதுப் பிள்ளை. ஒரு எழுத்து தெரியாது, எபிரேயத்திலும் இல்லை ஆங்கிலத்திலும் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரனுக்கு எல்லா வியாதியும் கண்ணில்தானே தெரியும். நான் ஒன்றுக்கு மூன்றாகக் கண்ணாடி செய்து மாட்டிப் பார்த்தேன், மூன்றிலும் அவள் ஆந்தை மாதிரி என்னைப் பார்த்தாளே ஒழிய எழுத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் நகரத்துக்குள் இருக்கிற ஒரு மனநல நிபுணர் அம்மாளிடம் கொண்டுபோனோம், இரண்டு காலை நேரம் உட்காரவைத்துச் சோதித்தார். புத்திக்கு ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் கூடுதல்தான், ஆனால் எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுகிற வழி இவளுக்கு மற்றவர்களைப்போலத் தானாகத் திறக்காது, ஒவ்வொரு அடியாகப் போட்டுக் கொடுக்கவேண்டும் என்றார். மொழி சார்ந்த கற்றல் குறைபாடு என்று பெயர் சொன்னார். சொல்லிவிட்டு, அரசுப் பள்ளியில் இதற்கென்றே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் அங்கே சேருங்கள், எபிரேயத்தை விட்டுவிடுங்கள், ஒன்று வலமிருந்து போகிறது ஒன்று இடமிருந்து போகிறது, இந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியே பாரம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். நம் பள்ளித் தலைமை ரபி செலிக்கிடம் போனோம். அவரும் மேஜையையே பார்த்துக்கொண்டு, தங்கமான பிள்ளை, ஆனால் வகுப்புக்கு முப்பது பேர் இருக்கிறார்கள், அவளுக்கு வேண்டியதைச் செய்ய என்னிடம் ஆள் இல்லை, வைத்துக்கொண்டு வீணாக்குவது பாவம் என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் உன் அம்மா அழவில்லை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு மொழி போதும்னு சுலபமா சொல்லிட்டாங்க. பஸ்கா ராத்திரியில எல்லாரும் புத்தகத்தைத் திறக்கிறப்போ இவ எதைத் திறப்பா?" அதற்குமேல் நான் அரசுப் பள்ளிப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதுதான் ப்ளூமா ரெஸ்னிக் என்ற பெயர் காதில் விழுந்தது. நீ பார்த்ததில்லை அவளை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், தெருமுனையில் நின்று பேசினால் இந்த முனையில் கேட்கிற குரல், எந்நேரமும் ஒரு காரட் துண்டைக் கடித்துக்கொண்டிருப்பாள், கார் ஓட்டுவதைப் பார்த்தால் ஓரமாக நின்றுவிடுவது நல்லது. வேறொரு யூதப் பள்ளியில் பல வருஷம் முதல் வகுப்பு எடுத்தவள். வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது தீர்சா மாதிரி வந்து மாட்டும், வருஷ முடிவில் அதை அரசுப் பள்ளிக்கு அனுப்புவார்கள், அங்கே போன பிள்ளை நன்றாக ஆங்கிலம் படிக்கும், ஆனால் பண்டிகை நாளில் தனியாக லீவு எடுத்துக்கொண்டு, மற்ற நாளில் தன் சாப்பாட்டு டப்பாவை மறைத்துத் தின்றுகொண்டு, மெல்ல மெல்ல நம் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடும். ஒருநாள் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டாளாம், வருஷத்துக்கு ஒரு பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற வேலை இனி எனக்கு வேண்டாம் என்று. வேலையை விட்டுவிட்டு, மூடிக்கிடந்த ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியைப் பிடித்து, இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு முழு யூதப் பள்ளி ஆரம்பித்தாள். காலையில் ஜெபம், தோரா வேதம், எபிரேயம், மத்தியானம் ஆங்கிலமும் கணக்கும், எதையும் விடவில்லை. நான் முதல்நாள் போனபோது ஒரு பிள்ளை தகரத் தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்று ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலைக் கட்டைவிரலில் தட்டித் தட்டி ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டிருந்தது. எபிரேயப் பக்கத்தில் வலது ஓரம் பச்சை நாடா, ஆங்கிலப் பக்கத்தில் இடது ஓரம் பச்சை நாடா, பச்சை இருக்கிற பக்கத்திலிருந்து புறப்படவேண்டும், அவ்வளவுதான். ஆசாரம் பிசகாத கறுப்புத் தொப்பிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆசாரம் பார்க்காமல் ஓய்வுநாளில் கார் ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில். அப்பாக்கள் ஒரே ஜெபக்கூடத்துக்குள் கால் வைக்கமாட்டார்கள், பிள்ளைகள் ஒரே தட்டு மணலில் கை வைத்திருந்தன.

அங்கே மூன்று வருஷம் படித்தாள். சுலபமாக எழுதிவிட்டேன், ஆனால் அதிலே முதல் வருஷம் எப்படிப் போயிற்று என்று எங்களுக்குத்தான் தெரியும். அழுவாள், பென்சிலை ஒடிப்பாள், காலையில் வயிற்றுவலி என்பாள். ப்ளூமா ஒருநாளும் சும்மா அவளைப் பாராட்டியதில்லை, அது எனக்கு அப்போது கல்நெஞ்சாகப் பட்டது. ஒரு தரம் கேட்டே விட்டேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று. காரட்டை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "இத்தனை நாள் எல்லாரும் பொய்யா மெச்சித்தான் அவ உள்ளுக்குள்ள ஒளிஞ்சா. நான் ஒரு தரம் நல்லாருக்குன்னு சொன்னா அது நெஜம்னு அவளுக்குத் தெரியணும்." இரண்டாம் வருஷம் எபிரேயச் சொற்களின் வேரை எடுத்துக்காட்டினாளாம், நம் மொழியில் எந்தச் சொல்லைப் பிரித்தாலும் உள்ளே மூன்று எழுத்து நிற்கிறதே, அதை. அந்த மூன்றுக்கும் சிவப்பு அடித்துப் பார்க்கச் சொன்னாள். தீர்சா அதற்கு எலும்பு என்று பெயர் வைத்தாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மேஜையில், ஜெபக்கூடத்தில், கசாப்புக்கடைப் பலகையில், எங்கே எழுத்தைக் கண்டாலும் எலும்பைத் தேடுவாள். மெதுவாகத்தான் படிப்பாள், விரல் வைத்து, உதடு அசைத்து, ஆனால் படித்ததன் அர்த்தம் அவள் கையைவிட்டு நழுவாது. ஒரு வெள்ளிக்கிழமை ப்ளூமா டெலிபோன் பண்ணி, இன்னைக்கு நல்லாப் படிச்சா, என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா அந்த ஒரு வரிக்காக அன்றைக்கு இரண்டு விதக் கேக் செய்தாள்.

ப்ளூமாவின் பள்ளியில் யாரையும் கடைசிவரை வைத்துக்கொள்வதில்லை, கால் ஊன்றியதும் பழைய பள்ளிக்கே திருப்பி அனுப்புவதுதான் அவள் நோக்கம். போன வசந்தத்தில், தீர்சா ஆறாம் வகுப்புக்கு உங்கள் ரபி செலிக்கிடம் போகலாம் என்றாள். தீர்சாவுக்கு இஷ்டமே இல்லை. வேண்டாம் என்று அனுப்பினவங்ககிட்ட நான் ஏன் போகணும் என்று கேட்டாள். ஆனாலும் பார்க்க வருகிறேன், ஒன்று கேட்கவேண்டும் என்றாள். அழைத்துக்கொண்டு போனேன். ரபி செலிக்குக்குத் தாடி நன்றாக நரைத்துவிட்டது, குரல் அதேதான். யோசேப்பு இருக்கிற சிறையில் பார்வோனின் வேலைக்காரர் இருவரைப் போடுகிற பக்கத்தைத் திறந்து படிக்கச் சொன்னார். முன்பின் பார்க்காத பக்கம். அவள் விரலை வைத்து, நின்று நின்று, ஒரு வரியைத் திரும்பவும் முதலிலிருந்து எடுத்து, முடித்தாள். நடுவில் அவர் ஒரு சொல்லுக்கு எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார், இவள் இன்னொரு கையை லேசாக உயர்த்தினாள், அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் சிறை என்று வருகிற சொல்லைக் காட்டி, இது உனக்குத் தெரிந்த சொல்லா என்று கேட்டார். சொல் தெரியாது, எலும்பு தெரியும் என்றாள். "காக்கிறதுங்கிற எலும்பு உள்ள இருக்கு. ஆனா இங்க அந்த ரெண்டு பேரை யாரும் காப்பாத்தலையே, பிடிச்சு அடைக்கத்தானே செய்றாங்க?" என்று கேட்டுவிட்டு, தானே கொஞ்சம் யோசித்து, "ஓ, காவல்" என்றாள். கிழவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார், அவர் பள்ளியில் எத்தனையோ வருஷம் அந்தப் பக்கத்தை நடத்தியும் ஒரு பிள்ளையும் இந்த இடத்தில் நின்றதில்லை என்றார்.

ஆனால் கேள்வி கேட்க வந்தவள் இவள்தானே. புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு, "நான் எப்பவும் இவ்வளவு மெதுவாத்தான் படிப்பேன். உங்க டீச்சருங்க காத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். நெஹாமா, பெரியவர்கள் பதில் சொல்கிற வழக்கம் உனக்குத் தெரியும், அதற்கென்னம்மா நாங்கள் இருக்கிறோம் என்று தலையைத் தடவி அனுப்பிவிடலாம். அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. "எல்லாரும் காத்திருப்பாங்கன்னு சொன்னா அது பொய்யாயிடும்மா. காத்திருக்கணும்னா நாங்க என்ன பண்ணணும்னு நீ சொல்லு" என்றார். இவளும் சொன்னாள், படிக்கவேண்டிய பக்கத்தை முதல்நாள் சாயங்காலமே கொடுத்துவிட வேண்டும், திடுதிப்பென்று எழுப்பிப் படிக்கச் சொல்லக்கூடாது, பரீட்சையில் கொஞ்சத்தை வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். சரி என்றார். சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை, ஜூன் மாதத்தில் ப்ளூமாவின் மாடிப்படி ஏறிப் போய், அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு வாரம் காலைநேரமெல்லாம் பார்த்திருக்கிறார், கூடவே தன் ஆசிரியைகள் இருவரை அழைத்துக்கொண்டு. ஒரு சின்னப் பெண் அவர் கையைப் பிடித்து மணலில் வைத்து, நகத்தால எழுதக்கூடாது, விரலால எழுதுங்க, அப்பத்தான் ஞாபகம் நிக்கும், என்று அதட்டினாளாம், அவரும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாராம். என்னிடம் இல்லை என்று ஒருநாள் சொன்னவர், எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த வயதில், அந்தப் பதவியில், எத்தனை பேர் செய்வார்கள்? எனக்கு அவர்மேல் இருந்த வருத்தம் அந்த வாரத்தோடு போயிற்று.

செப்டம்பரில் போனாள். முதல் வாரம் நன்றாக ஓடியது. பண்டிகையெல்லாம் முடிந்து, கூடாரப் பண்டிகைக்கு வாசலில் போட்ட கூடாரத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் பள்ளி திரும்பத் தொடங்கின அன்றைக்கு, வகுப்பு ஆசிரியை ஷைண்டல், நல்ல பெண்தான், சின்ன வயது, மறந்துபோய் இவள் பெயரைக் கூப்பிட்டு எழுந்து படி என்றுவிட்டாள். பழைய தீர்சா என்ன செய்திருப்பாள் என்று யோசி, இருமியிருப்பாள், தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்டிருப்பாள். இவள் எழுந்து நின்று, முப்பது பேருக்கும் கேட்கும்படி, "எனக்குப் படிக்கிறதுல ஒரு குறை இருக்கு டீச்சர். முன்னாடியே பார்த்துட்டா படிப்பேன். நாளைக்கு இதே பக்கத்தை நானே படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது பின்பெஞ்சிலிருந்து, "ஆமை வந்துடுச்சு, எல்லாரும் வழி விடுங்க" என்று ஒரு குரல், உடனே எல்லோருக்கும் கொல்லென்று சிரிப்பு. சொன்னவள் பெயர் சீசல். அந்த வகுப்பின் பெரிய வால். அன்றைக்குத் தீர்சா வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடவில்லை, அம்மா இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள். அம்மா அப்போதே டெலிபோனை எடுத்தாள், இவள் வேண்டாம் என்று அதன்மேல் கையை வைத்துவிட்டாள். மறுநாள் சொன்னபடியே படித்தாள். ஒரு இடத்தில் நின்றது, காத்திருந்தார்கள், மேலே போனாள்.

ஆமைப் பட்டம் மட்டும் போகவில்லை. நடைபாதையில் ஆமை, சாப்பாட்டு அறையில் ஆமை. எனக்கு ரத்தம் கொதித்தது, அந்தப் பெண்ணின் அப்பாவை எனக்குத் தெரியும், என்னிடம்தான் கண்ணாடி போடுகிறார், ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஒருநாள் காலையில் பள்ளிக்குக் கொண்டுவிடப் போகிறேன், சிவப்பு விளக்கில் நிற்கிறோம், தீர்சா வெளியே பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "அவ வாலு இல்லப்பா. வரிசையா படிச்சுட்டு வருவாங்கல்ல, அவ முறைக்கு ரெண்டு பேர் முன்னாடிதான் எப்பவும் ஆரம்பிக்கிறா. டீச்சர் வெளிய போன்னு சொல்லுவாங்க, உடனே சிரிச்சுக்கிட்டே போயிடுவா. அவளுக்குப் படிக்க வராது." பின்னாலிருந்து ஹாரன் அடித்தான், அப்புறம்தான் விளக்கு பச்சையானதைப் பார்த்தேன். அந்தப் பள்ளியில் அந்தப் பெண் ஐந்து வருஷமாக இருக்கிறாள். அத்தனை ஆசிரியைகளும் அவளைத் தண்டித்திருக்கிறார்கள், வீட்டில் அப்பாவும் அடக்கிப் பார்த்திருக்கிறார், ஒருவருக்கும் தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. தாள் திருப்பி ஒளிந்தவளுக்கு வெளியே போய் ஒளிகிறவளைத் தெரியாதா.

டீச்சரிடம் சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் அவள் செத்துப்போவாள் அப்பா என்றாள். ஒரு வாரம் கழித்து, தோராப் பாடத்தை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து படிக்க ஜோடி பிரித்தபோது, நான் சீசலோடு உட்காருகிறேன் என்று இவளே கையைத் தூக்கியிருக்கிறாள். ஷைண்டல் தயங்கினாள், ஒருத்தி மெதுவாகப் படிக்கிறவள் ஒருத்தி படிக்கவே விடாதவள் என்று. ரபி செலிக்கிடம் போயிருக்கிறது விஷயம், கேட்டது தீர்சா என்றால் விடுங்கள் என்றாராம் அவர். சீசல் முதல்நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாளாம். இவள் பாட்டுக்கு விரலை வைத்துப் படித்திருக்கிறாள், தப்பாகப் படிப்பது, நிற்பது, திரும்பப் படிப்பது, எதையும் மறைக்காமல், அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நாற்காலி கொஞ்சம் திரும்பியது. ஒருநாள் இவள் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நின்றபோது, சீசல் புத்தகத்தைப் பார்க்காமலே அந்த வரி முழுவதையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாளாம், முந்தின நாள் இவள் படித்ததைக் கேட்ட ஞாபகத்தில். இவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாளாம், அவ்வளவுதான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி சீசல் ஓய்வுநாள் விருந்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். ஒல்லியாக, நிமிஷத்துக்கு ஒரு ஜோக் அடித்துக்கொண்டு, உன் அம்மாவின் முழங்காலைக்கூட விடவில்லை, அது வானொலியில் வேலைக்குச் சேரலாம் என்றாள், அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை எடுத்து நன்றி ஜெபம் சொல்கிற நேரம் வந்தது. அவளுக்கும் ஒன்று கொடுத்தோம், கையில் வாங்கியவள் திறக்கவில்லை. எல்லோரும் பாடி முடித்த பிறகு, ஜோக் அடிக்கிற குரலிலேயே, யார் முகத்தையும் பார்க்காமல், "எனக்குப் படிக்கத் தெரியாது. இவ வந்து எல்லார் முன்னாடியும் தன்னோடதைச் சொல்லிட்டா, அன்னையிலேர்ந்து எனக்கு ஒளியறதுக்கு இடமே இல்லாம போச்சு. அதான் ஆமைன்னேன்" என்றாள். அம்மா எழுந்துபோய் இன்னொரு துண்டு ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தாள். தீர்சா, "எனக்கு?" என்றாள், அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் சனிக்கிழமை இருட்டி ஓய்வுநாள் முடிந்ததும் சீசலின் அம்மா டெலிபோன் பண்ணினாள், ரொம்பத் தாழ்ந்த குரலில், அந்தப் பல் ஆஸ்பத்திரி மாடிக்கு எப்படிப் போகவேண்டும் என்று. பெண்ணே வீட்டில் சொல்லிவிட்டிருக்கிறாள், யாரும் கேட்காமல். போன புதன்கிழமை நான்தான் காரில் அழைத்துக்கொண்டு போனேன், அம்மாவும் பெண்ணும் வந்தார்கள், தீர்சாவும் கூட வரவேண்டும் என்று சீசல் பிடிவாதம். பின்சீட்டில் இரண்டும். வழியெல்லாம் அந்த வாயாடிப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. படி ஏறுவதற்கு முன்னால் மட்டும், அங்கே என்ன பண்ணுவாங்க, வலிக்குமா, என்று தீர்சாவிடம் கேட்டாள். தீர்சா யோசித்தாள், நம் பெண் எதற்கும் யோசிக்காமல் பதில் சொல்லமாட்டாள் என்று உனக்குத் தெரியும். "முதல் வருஷம் வலிக்கும். நான் பென்சில் எல்லாம் ஒடிச்சேன். வா" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் ஏறிப் போனாள். மேலே கதவு திறந்து ப்ளூமாவின் குரல் கேட்டது, நானும் சீசலின் அம்மாவும் கீழேயே நின்றுவிட்டோம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணை எப்படி வளர்த்தீங்க என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன், நெஹாமா? அவளை வளர்த்ததில் ப்ளூமாவுக்கு ஒரு பங்கு, மடியில் உட்காரவைத்துக் கேட்ட உன் அம்மாவுக்கு ஒரு பங்கு, பொய் சொல்லாத ரபி செலிக்குக்கு ஒரு பங்கு, ஆனால் கதவு வரைக்கும் ஏறிப்போனவள் அவளேதான் என்று மனதில் நினைத்துக்கொண்டேன், வாயில் வந்தது, மேலே குளிராது வாங்க என்பது மட்டும்தான்.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் தீர்சா தலையில் கை வைக்கும்போதே நினைத்துக்கொள்கிறேன், மறு கையை உன் நாற்காலியின் முதுகில் வைத்துத்தான் ஆசி சொல்கிறேன், அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்ற நம் ஆதித் தாய்மார் நால்வரின் நலமும் உன் மேல் இறங்கட்டும், உன் வீட்டு ஹனுக்கா விளக்கு எட்டு நாளும் காற்றில் அணையாமல் எரியட்டும், இத்தாய் பசித்து எழுந்து வயிறார உண்டு வளரட்டும். எண்ணெய் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்கும்போது ஜன்னலை ஒரு விரல்கடை திறந்துவை, குழந்தை தூங்குகிற அறையில் மறக்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. தீர்சா உனக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறாள், எபிரேயத்தில்தான், யாரும் திருத்தக்கூடாது என்று சொல்லிவிட்டாள், நானும் தொடவில்லை. மெதுவாகப் படித்துப் பார்.

உன் நலத்தையே நாடும்
அப்பா
கெதல்யா ரோட்மான்